வெளிநாட்டு வீரர்களுக்கு விசா எளிதாகிறது: ஆஸ்டின் டவுன் மைதானம் வரை அது வருமா?

2025 ஆகஸ்ட் 21 அன்று மத்திய இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகம் ஒரு கொள்கைக் குறிப்பை வெளியிட்டது. பாகிஸ்தானுடன் இரு நாட்டுத் தொடர் கிடையாது, ஆனால் பல நாடுகள் கலந்துகொள்ளும் போட்டிகளில் ஆடலாம் என்பதுதான் அன்றைக்குத் தலைப்புச் செய்தி. அதே குறிப்பில் இருந்த இன்னொரு விஷயத்தைப் பலரும் கவனிக்கல.

சர்வதேசப் போட்டிகளை நடத்த ஏற்ற நாடாக இந்தியாவை ஆக்குவதற்காக வீரர்கள், அணி அதிகாரிகள், தொழில்நுட்பப் பணியாளர்கள், சர்வதேச விளையாட்டு அமைப்புகளின் நிர்வாகிகள் ஆகியோருக்கு விசா நடைமுறை எளிதாக்கப்படும் என்று அது சொன்னது. நிர்வாகிகளுக்கு ஒரு படி மேல்: பதவிக்காலம் முழுக்க, அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்கு, எத்தனை முறை வேண்டுமானாலும் வந்துபோகும் விசா. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கிடைத்திருக்கிறது, 2036 ஒலிம்பிக் மீதும் கண் இருக்கிறது. அதனால் இந்த அக்கறை புரிந்துகொள்ளக் கூடியதுதான்.

ஆனா, இந்தச் சலுகை போட்டிக்கு வந்துபோகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆடிப் பிழைக்க வருகிறவர் இதில் எங்கே இருக்கிறார்? அதைப் பார்க்க பெங்களூரு ஆஸ்டின் டவுன் நல்ல இடம்.

தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி இது. நடுவில் நந்தன் கால்பந்து மைதானம், பக்கத்தில் அசோக் நகரில் பெங்களூரு கால்பந்து ஸ்டேடியம். கொஞ்சம் தள்ளி அல்சூர் பக்கம் போனால் பீலேவுக்குச் சிலை வைத்திருக்கும் கௌதமபுரா. இந்த ஊரில் படிக்க வரும் ஆப்பிரிக்க மாணவர்கள் உள்ளூர் பையன்களோடு பந்து ஆடுவது புதிதல்ல. வெளிநாட்டவரின் பதிவையும் விசா நீட்டிப்பையும் பார்க்கும் எஃப்ஆர்ஆர்ஓ அலுவலகமும் தூரமில்லை. சாந்திநகர் பஸ் ஸ்டாண்ட் கட்டடத்தில் இருக்கிறது, டிராஃபிக் இல்லாவிட்டால் ஆட்டோவில் சில நிமிடம்தான். (டிராஃபிக் இல்லாத பெங்களூரு என்பது தனி விவாதம்.) இந்த மைதானத்துக்கும் அந்த அலுவலகத்துக்கும் நடுவில் இருக்கிற விதிகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எந்த வீரருக்கு எந்த விசா?

உள்துறை அமைச்சக விதிகளின்படி பணம் வாங்கி ஆட வரும் வெளிநாட்டு வீரருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஐபிஎல் மாதிரி வணிகரீதியான போட்டியில் ஒப்பந்தத்தில் ஆட வந்தால் பிசினஸ் விசா. இந்திய கிளப் ஒன்று குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டு அழைத்தால் எம்ப்ளாய்மென்ட் விசா.

கேட்க ஒன்றுபோலத் தெரியும் இந்த இரண்டுக்கும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. எம்ப்ளாய்மென்ட் விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு ரூ.16.25 லட்சம். பல ஆண்டுகள் 25,000 டாலர் என்று இருந்ததைத்தான் பிறகு ரூபாயில் மாற்றினார்கள். சமையல் கலைஞர், மொழி ஆசிரியர், தூதரகப் பணியாளர் என்று சிலருக்குத்தான் விலக்கு. மாதத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் ரூ.1.35 லட்சம். ஐஎஸ்எல் கிளப்புக்கு இது பொருட்டே இல்லை. மாவட்ட, மாநில அளவில் ஆடும் கிளப்புக்கு ஓர் ஆளுக்கு மட்டும் மாதம் ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் என்பது நினைத்துப் பார்க்க முடியாத தொகை.

ஐடி வேலைக்கு வெளிநாட்டவரைக் கொண்டுவந்து இங்கிருப்பவர் வேலையைக் குறைந்த சம்பளத்தில் பறித்துவிடக் கூடாது என்பது இந்த வரம்பின் நோக்கம். நியாயமான நோக்கம்தான். ஆனா மென்பொருள் பொறியாளருக்கு வெட்டித் தைத்த சட்டையை ஸ்ட்ரைக்கருக்கும் மாட்டிவிட்டால் அளவு சரியாக வராது.

இந்த விசா வேலை தருபவரோடு கட்டிப்போடப்பட்டது என்பது இன்னொரு சிக்கல். எச்1பி-யில் இருக்கும் நண்பர்களைக் கேட்டால் இதன் கஷ்டத்தை விளக்குவார்கள். கிளப் பாதியில் கையை விரித்தால் வீரருக்குச் சம்பளம் மட்டும் போகாது, நாட்டில் தங்கும் உரிமையும் ஆட்டம் கண்டுவிடும். 180 நாளுக்கு மேல் தங்கும் விசா என்றால் வந்து இறங்கிய 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓவில் பதிவு செய்ய வேண்டும். 2018-ல் இருந்து இது ஆன்லைனில் நடக்கிறது, அந்த மட்டில் நல்ல முன்னேற்றம்.

விசா வரவில்லை என்றால் ஒப்பந்தம் ரத்தாகுமா?

ஆகாது. சின்ன கிளப்புகள் அடிவாங்கும் இடம் இதுதான். வீரர் இடமாற்றம் பற்றிய ஃபிஃபா விதிகளில் 18-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான், அல்லது வேலை அனுமதி கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போட முடியாது. கையெழுத்து போட்டுவிட்டால் போட்டதுதான். தூதரகம் கோப்பைத் தூக்கி ஓரமாக வைத்தாலும் வீரருக்கு கிளப்பின் மீதான உரிமை அப்படியே இருக்கும்.

வீரரின் கண்ணில் இது நல்ல பாதுகாப்பு. சம்பளம் தராமல் இழுத்தடித்தால் என்ன ஆகும் என்பதை இந்திய கிளப்புகள் அனுபவித்தே தெரிந்துகொண்டன. 2021-ல் கேரளா பிளாஸ்டர்ஸ், ஈஸ்ட் பெங்கால் இரண்டுக்கும் முன்னாள் வெளிநாட்டு வீரர்களுக்குத் தர வேண்டிய பாக்கிக்காக ஃபிஃபா புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை போட்டது. இந்தப் பாதுகாப்பு முறையாகப் பதிவான ஒப்பந்தத்துக்கு மட்டும்தான். வாட்ஸ்அப்பில் பேசி முடித்த ஏற்பாட்டுக்கு ஃபிஃபா வராது.

வரியில் யாருக்கு லாபம்?

எனக்கு இந்த விஷயத்தில் ரொம்ப சுவாரஸ்யமாகத் தெரிந்த பகுதி இது. 1961 வருமான வரிச் சட்டத்தில் 115-பிபிஏ என்று ஒரு பிரிவு. இந்தியக் குடிமகன் அல்லாத, வரிக் கணக்கில் இங்கே ‘வசிக்காத’ விளையாட்டு வீரர், இந்தியாவில் ஆடியோ விளம்பரத்தில் நடித்தோ சம்பாதித்தால் மொத்தத் தொகைக்கு நேராக 20% வரி. செலவு எதையும் கழிக்க முடியாது. முன்பு 10% ஆக இருந்து 2012-13 நிதியாண்டு முதல் 20% ஆனது. 2025-ன் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் பழைய சட்டத்தின் இடத்துக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன.

ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தால் ‘வசிப்பவர்’ ஆகிவிடுவார். அப்போது உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே வரி அடுக்குகள்தான்.

2025-26 நிதியாண்டுக்கு இரண்டு பேரை வைத்துக் கணக்குப் போடுவோம். இரண்டு மாதம் வந்து ரூ.10 கோடி வாங்கும் டி20 நட்சத்திரம் கட்டுவது 20%, அதாவது ரூ.2 கோடி. இங்கேயே வசிப்பவராக இருந்தால் கிட்டத்தட்ட ரூ.3 கோடி கட்ட வேண்டியிருக்கும். (இரண்டிலும் சர்சார்ஜ், செஸ் சேர்க்கவில்லை.)

ஐந்து மாதம் வந்து மொத்தமாக ரூ.8 லட்சம் வாங்கும் ஒரு கால்பந்து வீரரை வைத்துக்கொள்வோம். 20% என்றால் ரூ.1,60,000, 4% செஸ் சேர்த்தால் ரூ.1,66,400. அதே ரூ.8 லட்சத்தை ஆண்டு முழுக்க இங்கே இருந்து சம்பளமாக வாங்கியிருந்தால் புதிய வரி முறையில் அவர் கட்ட வேண்டியது பூஜ்யம். ரூ.12 லட்சம் வரையிலான தள்ளுபடி வசிப்பவருக்கு மட்டுமே.

கோடி வாங்குபவருக்கு 10 சதவீதப் புள்ளி தள்ளுபடி, லட்சம் வாங்குபவருக்கு முழு 20% பாரம். யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்யவில்லை. குறுகிய காலம் வந்துபோகும் பெரிய நட்சத்திரத்திடம் சுலபமாக வசூலிக்க எழுதிய விதி, அந்த அச்சில் பொருந்தாதவர் தலையில் விழுகிறது. சில நாடுகளோடு இரட்டை வரி ஒப்பந்தம் இருந்தாலும் பெரிய நிவாரணம் வராது. ஆடுகிற நாடே வீரரின் வருமானத்துக்கு வரி போடலாம் என்பது அத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமான ஷரத்து.

மாணவர் விசாவில் ஆடினால் என்ன?

இந்தியக் கால்பந்தின் மிகப் பிரபலமான வெளிநாட்டவர்கள் சிலர் மாணவர்களாக வந்தவர்கள். ஈரானின் மஜித் பிஷ்கர் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து 1980-ல் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். நைஜீரியாவின் சீமா ஒகோரி விசாகப்பட்டினத்துக்குப் படிக்க வந்தவர், பிறகு கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் கோல் அடித்துத் தள்ளினார். அதற்கும் முன்னால் பெங்களூரு பையன்களுக்கு கொல்கத்தாவே ‘ஃபாரின்’ மாதிரிதான். அகமது கான் இங்கிருந்து போய் ஈஸ்ட் பெங்காலின் புகழ்பெற்ற ஐவர் வரிசையில் ஒருவரானார்.

அந்தக் கதவு இன்று சட்டப்படி மூடியிருக்கிறது. மாணவர் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. கல்லூரி அணிக்குச் சும்மா ஆடுவது வேறு. ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்டில் ஒரு டீமுக்காக இறங்கி மேட்ச்சுக்கு இவ்வளவு என்று கையில் வாங்கினால் அது விசா நிபந்தனை மீறல்.

2025 செப்டம்பர் 1 முதல் இதற்கான சட்டம் மாறியிருக்கிறது. 1946-ன் வெளிநாட்டவர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களுக்குப் பதிலாக வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025-ன்படி விசா காலம் தாண்டித் தங்கினாலோ நிபந்தனையை மீறினாலோ 3 ஆண்டு வரை சிறை, ரூ.3 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளிநாட்டு மாணவர்கள் பற்றிய தகவலைக் கல்வி நிறுவனங்கள் அதிகாரிகளுக்குத் தர வேண்டும்.

கோல் அடித்துவிட்டு வாங்கும் சில ஆயிரம் ரூபாய்க்கும் இந்தத் தண்டனைக்கும் இடையிலான தூரத்தைப் பாருங்கள். பணம் கொடுக்கிறவருக்கு அந்த அளவு பயம் இல்லை, வாங்குகிறவருக்கு எல்லாமே போகும். அதனால்தான் பேசின தொகையைத் தராவிட்டால்கூட அவரால் புகார் கொடுக்க முடியாது. புகார் கொடுக்கப் போனால் முதலில் சிக்குவது அவர்தான்.

கேரளத்து செவன்ஸ் எப்படி நடக்கிறது?

மலப்புரம் பக்கம் சீசன் முழுக்க இரவு நேரத்தில் கூட்டம் அலைமோதும் ஏழு பேர் ஆட்டம் இது. ஆப்பிரிக்க வீரர்கள் இல்லாத பெரிய செவன்ஸ் டீமைப் பார்ப்பது அரிது. ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ (2018) பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், பாஸ்போர்ட் தொலைந்து போவதுதான் அந்தக் கதையின் முடிச்சு. நிஜத்திலும் ஒன்று நடந்தது. கேரள கிளப் ஒன்றுக்காக ஆட வந்த கானா நாட்டு வீரர், 2020 ஊரடங்கில் விமானம் இல்லாமல் மும்பை விமான நிலையத்திலேயே 70 நாளுக்கு மேல் தங்கினார். செவன்ஸ் ஆட்டம் தேசிய சம்மேளனத்தின் அமைப்புக்கு வெளியே இருப்பதால், ஃபிஃபா விதி அங்கே ஆடுபவருக்குத் துணை வராது. அவருக்கு மிஞ்சுவது டீம் மேலாளரின் நல்ல மனசு மட்டும்.

உள்ளூர் பையன்களின் இடம் போகாதா?

போகும் என்ற கவலை உண்மையானது, ஆஸ்டின் டவுனில் பந்து உதைக்கும் 17 வயதுப் பையனின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் உண்மையானது. 2014-ல் ஐஎஸ்எல் தொடங்கியபோது ஓர் அணி களத்தில் 6 வெளிநாட்டவரை இறக்கலாம். 2017-18-ல் அது 5 ஆனது, 2021-22-ல் 4. ஆனாலும் கிளப்புகள் கோல் அடிக்கும் இடத்துக்குத்தான் வெளிநாட்டவரைத் தேடுகின்றன. 2024 ஜூனில் தேசிய அணியிலிருந்து ஓய்வுபெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில், 40 வயதில், திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. இதைவிடத் தெளிவான புள்ளிவிவரம் தேவையில்லை. மாநில லீகுகளில் வெளிநாட்டவர் வேண்டாம் என்று 2023-ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் முடிவெடுத்ததும் இதனால்தான்.

என் கருத்து: எத்தனை பேர் என்பதை லீக் முடிவு செய்யட்டும். அது விளையாட்டு முடிவு, சீசனுக்கு சீசன் மாற்றலாம். விசா வேறு கருவி. வந்தவர் யார், யாரிடம் வேலை செய்கிறார், சம்பளம் கிடைக்கிறதா என்பதைப் பார்ப்பது அதன் வேலை. விசாவை வைத்து எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தப் பார்த்தால் வருகிறவர்கள் குறைய மாட்டார்கள். தவறான விசாவில் வருவார்கள்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

பிரிட்டன் 2021 அக்டோபரில் ‘இன்டர்நேஷனல் ஸ்போர்ட்ஸ்பெர்சன்’ என்று தனி விசாவே கொண்டுவந்தது. அந்தந்த விளையாட்டின் நிர்வாக அமைப்பு ஒப்புதல் தந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். கால்பந்துக்கு 15 புள்ளி தேவை, சர்வதேச ஆட்டங்கள், ஆடிய லீகின் தரம் என்று மதிப்பெண் போடுவார்கள். பெரிய ஆட்களுக்கு மட்டுமான கதவுதான், ஆனால் என்ன தகுதி வேண்டும் என்பது முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும்.

ஜப்பான் செய்தது வணிகக் கண்ணோடு செய்த வேலை. தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா போன்ற சில நாடுகளை ஜே-லீக் ‘கூட்டாளி நாடுகள்’ என்று அறிவித்து, அங்கிருந்து வரும் வீரர்களை வெளிநாட்டவர் கணக்கில் சேர்ப்பதில்லை. தாய்லாந்தின் சனாதிப் 2017-ல் சப்போரோவுக்குப் போனதும் தாய்லாந்து ரசிகர்கள் ஜப்பான் லீகைப் பின்தொடர ஆரம்பித்தார்கள். ஒரு வீரர் வந்தால் அவரோடு ஒரு சந்தையும் வரும்.

அமெரிக்காவும் நம்ம மாணவர் சிக்கலில் மாட்டியிருக்கிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்தின்படி கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். எஃப்-1 விசாவில் இருக்கும் வெளிநாட்டு மாணவர் அதே பணத்தை வாங்கினால் விசா போய்விடுமோ என்ற பயத்தில் இருக்கிறார்.

வர்த்தக ஒப்பந்தங்களில் இதற்கு இடமே இல்லையா என்றால், உண்டு. ஒரு நாட்டவர் இன்னொரு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போய் வேலை செய்வதை உலக வர்த்தக அமைப்பின் சேவை ஒப்பந்தம் ‘நான்காம் வகை’ சேவை வர்த்தகம் என்கிறது. 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் ஒப்பந்தத்தில் இந்திய யோகா ஆசிரியர், செவ்வியல் இசைக் கலைஞர், சமையல் கலைஞர் ஆகியோருக்கு ஆண்டுக்கு 1,800 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். விளையாட்டு வீரருக்கும் பயிற்சியாளருக்கும் இதே மாதிரி பரஸ்பர ஒதுக்கீட்டைப் பேசிப் பெறலாம். நேபாளம், கானா, நைஜீரியா மாதிரி நாடுகளோடு இந்தியா அதைத் தொடங்கினால் நம்ம பையன்களுக்கும் வெளியே போக ஒரு வழி பிறக்கும்.

பாஸ்போர்ட்டையே மாற்றிக்கொண்டால்?

பெங்களூரு எஃப்சியின் ரயன் வில்லியம்ஸ் 2025-ல் அதைத்தான் செய்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், அம்மா மும்பையில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, ஆகவே ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்தார். அவருக்கு முன் ஜப்பானில் பிறந்த இசுமி அராதா இதே பாதையில் வந்து 2013-ல் இந்தியாவுக்காக ஆடினார். ஓசிஐ அட்டை இருந்தால் இங்கே தங்கலாம், வேலை செய்யலாம், ஆனால் 2008 முதல் இந்திய பாஸ்போர்ட் இல்லாமல் தேசிய அணிக்கு ஆட முடியாது.

வங்கதேசத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் பிறந்த ஹம்சா சௌத்ரி பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விடாமலேயே வங்கதேசத்துக்கு ஆடுகிறார், முதல் ஆட்டமே 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் இந்தியாவுக்கு எதிராக. அதே ஆண்டு நவம்பர் 18-ல் டாக்காவில் இந்தியா 0-1 என்று தோற்றபோது வில்லியம்ஸ் ஆடவில்லை. அணி மாற்றத்துக்கான அனுமதி அதற்குள் வந்துசேரவில்லை.

இந்தப் பெயர், இந்த ஊர் என்றால் தாமதமா?

விதி ஒன்றாக இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. 2023 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணி பெங்களூருவுக்கு விமானம் ஏறியபோது பாகிஸ்தானில் பிறந்த உஸ்மான் கவாஜா விசாவுக்காகக் காத்திருந்தார். 2024 ஜனவரியில் பாகிஸ்தான் வம்சாவளி இங்கிலாந்து வீரர் ஷோயப் பஷீருக்கு விசா தாமதமாகி ஹைதராபாத் டெஸ்ட் கைநழுவியது. 2023 ஜூன் 21 அன்று கண்டீரவா ஸ்டேடியத்தில் நடந்த சாஃப் கோப்பை ஆட்டத்துக்கு பாகிஸ்தான் அணி ஊர் வந்து சேர்ந்ததே ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்புதான். இந்தியா 4-0 என்று வென்றது, சேத்ரி ஹாட்ரிக். ஜெயித்த சந்தோஷத்தில் யாரும் அதைப் பெரிதாகப் பேசல. ‘எளிதாக்கப்படும்’ என்ற வாக்குறுதியில் விண்ணப்பத்துக்கு எத்தனை நாளில் பதில் வர வேண்டும் என்ற கெடு சேராதவரை இந்த மாதிரி தாமதத்தைக் கேள்வி கேட்க ஆதாரம் கிடையாது.

என்ன மாறினால் உதவும்?

மாநில சங்கமும் தேசிய சம்மேளனமும் ஒப்புதல் தரும் ஆறு மாத விளையாட்டு விசா ஒன்று முதல் தேவை. சம்பள வரம்பு ஐடி துறையுடையதாக இல்லாமல் அந்த லீகுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கையும் திரும்பிப் போகும் டிக்கெட் பணத்தையும் கிளப் முன்கூட்டியே சங்கத்திடம் கட்டிவைக்க வேண்டும், அப்போதுதான் நடுவில் கைவிடப்பட்டவர் விமான நிலையத்தில் படுக்க வேண்டிவராது. மாணவர்களுக்கு வாரத்தில் குறிப்பிட்ட மணி நேரம், குறிப்பிட்ட தொகை வரை ஆடிச் சம்பாதிக்க அனுமதி. வரியில், குறைந்த வருமானம் உள்ள வீரர் விரும்பினால் சாதாரண வரி அடுக்கைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். எதற்கும் ஒலிம்பிக் பட்ஜெட் தேவையில்லை.

நீங்கள் அலுவலக லீகிலோ வார இறுதி டோர்னமென்ட்டிலோ டீம் நடத்துகிறவரா? வெளிநாட்டு மாணவர் ஒருவரைக் கூப்பிடும் முன் அவர் விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மாணவர் விசா என்றால் அவருக்கு மேட்ச் காசு கொடுக்காதீர்கள். கொடுத்தால் ஆபத்து உங்களைவிட அவருக்குத்தான் அதிகம். அவர் வேறு நாட்டில் பதிவு செய்யப்பட்ட வீரராக இருந்து, உங்கள் போட்டி சங்கத்தின் அங்கீகாரம் பெற்றதாகவும் இருந்தால், சர்வதேச இடமாற்றச் சான்றிதழ் இல்லாமல் பதிவு செய்ய முடியாது. அது சம்மேளனம் வழியாகத்தான் வரும், பதிவுக் காலம் முடிவதற்குள் விண்ணப்பித்தாக வேண்டும்.